கவாத்து தாண்டிய செடி

தேயிலைச் செடி பூக்கக் கூடாது. பூத்தால் கொழுந்து குறையும். சித்திரபுரத்துக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் பேச்சித்தாய் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அதுதான்: பூக்க விடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பது.

மகள் யோகப்பிரியா பால்குடி மறக்கும் முன்பே புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். அன்றோடு தலையில் பூ இல்லை. பிறகு, செடிகளை மட்டமாகக் கவாத்து வெட்டுகிற சுவக்கீன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து கேட்டான். புருஷனின் அண்ணன் அரிவாளோடு, அவள் குடியிருந்த தொழிலாளர் லயத்து வாசலில் நின்றார். அவள் வாய் திறக்கவில்லை. அந்த வருஷக் கவாத்தில் சுவக்கீன் லயத்துக்குப் பின்னால் ஒரு செடியை மட்டும் வெட்டாமல் தாண்டிப் போனான். விட்டது யார் என்று கங்காணி கத்தினார். தெரிந்தால் சுவக்கீனின் வேலை போய்விடும். பேச்சித்தாய் முன்னால் வந்து, அதில் முனி இருக்கிறது, நான்தான் வெட்ட விடவில்லை என்றாள். அன்று சாயங்காலமே செடிக்குச் சிவப்புத் துணி கட்டிச் சூடம் ஏற்றினாள்.

சுவக்கீன் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை. செடி ஆளுயரம் வளர்ந்தது. மழை விட்டதும் வெள்ளையாய்ப் பூக்கும். பனிமூட்டத்தில் யாரோ நிற்பது போலிருக்கும். பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டுதான் அந்த வழி போவார்கள்.

யோகப்பிரியா மின்வாரியத்தில் சப் இன்ஜினீயர். சாமி, பூதம் எதிலும் நம்பிக்கையில்லை. ஆனாலும் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், முனிக்கு நேர்ந்துகொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டாள்.

"முனியாவது ஒண்ணாவது," என்று தாய் சிரித்து, நடந்ததைச் சொன்னாள். "ஒரு செடியாவது பூக்கட்டுமேன்னு விட்டேன், புள்ள."

"நீ அதுல ஒரு பூ வச்சிருக்கியாம்மா?"

"லயமே பாக்குமே."

தாயின் உடலை எடுக்கும் நாள் காலையில் யோகப்பிரியா தட்டோடு செடியிடம் போனாள். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி குறுக்கே நின்றாள். பின்னால் லயத்துப் பெண்கள்.

"சாமி பூவ அறுதலி தலையில வைக்கவா? படிச்சவ செய்யிற காரியமாடி இது?"

உண்மையைச் சொன்னால் பூவைப் பறித்துவிடலாம். முனி இல்லை என்று தெரிந்தபின் அடுத்த கவாத்தில் செடி இருக்காது. சொல்லாவிட்டால் அம்மா வெறுந்தலையோடு போவாள். யோகப்பிரியா சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முனிதான் கேட்டுச்சு அத்தை. கனவுல வந்துச்சு. எனக்கு விளக்கு வச்சவ, என் பூவோடதான் போகணும்னுச்சு."

சந்தனமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதல் பூவைத் தானே பறித்தாள். பிறகு எல்லாக் கைகளும் நீண்டன. தேயிலைப் பூ தொட்டாலே உதிரும். ஊசியில் மெல்லக் கோத்தார்கள். பேச்சித்தாய் தலை நிறையப் பூவோடு போனாள்.

பதினாறு கழிந்து, லயத்து வீட்டின் சாவியை ஒப்படைக்க யோகப்பிரியா வந்தாள். பனி இறங்கியிருந்தது. செடியில் ஒரு பூ மிச்சமில்லாமல் பறித்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். மொட்டுகளைக்கூட விடவில்லை.

செடி இருந்த இடத்தில், பனிக்குள் யாரோ நின்றார்கள். தலை நிறைய வெள்ளையாய்ப் பூ.

அவள் செருப்பைக் கழற்றினாள்.