தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய லெப்டொப்

கடல் ஊருக்குள் வந்த அன்று, அம்மா தன் தையல் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இரும்புக் கால்களோடு அதை நகர்த்தக்கூட முடியவில்லை. நான் இழுத்த இழுப்பில் அவர் வந்தார். மெசின் கடலோடு போயிற்று. அதன் பிறகு கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருள் வருவதானாலும் அம்மாவின் பரீட்சையில் தேற வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? பெரியப்பா அன்பளிப்பாகக் கொண்டுவந்த பெரிய தொலைக்காட்சி வாசலோடு திரும்பிப் போனது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நிவாரண நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. நான் மொழிபெயர்ப்பாளராக இருந்த அலுவலகத்தையும் மூடினார்கள். வீட்டிலிருந்து செய்ய வேலை தருவார்களாம். லெப்டொப் மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டுமாம். கடைசிச் சம்பளத்தோடு டவுனுக்குப் புறப்பட்டேன். அம்மாவும் கூடவே பஸ் ஏறிவிட்டார்.

கடைக்காரர் ஏறாவூர்க்காரர், சிரித்த முகம். என் காசுக்கு அகப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று பாவித்த பெரியது, மற்றது புதிய சின்னது. பெரியதில் ஆங்கிலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மொழிபெயர்க்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? மனதுக்குள் அதை வாங்கியே விட்டேன்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். பெரியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலிருந்து பின்சுவர்வரை ஓடினார். கடைக்காரரும் இரண்டு கைகளையும் ஏந்தியபடி பின்னால் ஓடினார்.

“அம்மா, கீழ போட்டீங்கண்டா வாங்கின கணக்குத்தான்!”

“பயப்பிடாதீங்க தம்பி. இதோட ஓட ஏலாது, மூச்சு வாங்குது. மத்ததத் தாங்க.”

சின்னதோடு ஓடித் திரும்பியபோது அம்மாவுக்கு மூச்சே வாங்கவில்லை.

“இதில எழுத்துத் தெரியாதும்மா,” என்றேன்.

“கண்ணாடி போடு புள்ள. உசிரோட இருந்தாத்தானே வேல?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சின்னதை வாங்கினேன், வீடு வரும்வரை அம்மாவோடு பேசவில்லை.

அதில் எழுத்துகள் நுளம்பளவுதான். மூக்கு முட்ட முட்டத் திரையைப் பார்த்தே மொழிபெயர்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, சோறு போட்டது அதுதான். கண்ணாடியும் போட வைத்தது.

பிறகொரு நாள் பின்னேரம், எங்கோ நிலம் நடுங்கியதாம், கடல் வருகிறதாம் என்று தெருவே கத்திக்கொண்டு ஓடியது. நான் வேலையைப் போட்டது போட்டபடி அம்மாவைத் தேடிக் கிணற்றடிக்கு ஓடினேன். அவர் என்னைத் தேடி முன்வாசலால் வீட்டுக்குள் ஓடினார். வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒருவழியாக ஒருவர் கையை ஒருவர் பிடித்தோம். பிடித்த கையை விடாமல் சனத்தோடு சனமாக வாவிப் பாலத்தில் ஏறினோம்.

கடல் வரவில்லை. பாலத்தில் நின்று மூச்சு விட்டபோதுதான் அம்மா என் கையைப் பார்த்தார்.

“லெப்டொப் எங்க?”

“மேசையில.”

அம்மா என் கண்ணாடியைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“அப்ப அந்தப் பெரியதையே வாங்கியிருக்கலாம், என்ன புள்ள?”