முதல் ஹயருக்கு முன் ஒரு பேஸ் கிட்டார்

கண்ணாடி துடைத்த துணியைப் பிழிந்து உதறிவிட்டு, கஜலட்சுமி வண்டியின் பாட்டுச் செட்டைத் திருகுகிறாள். முதலில் பேஸ் கிட்டார் மட்டும் வருகிறது. தடித்த, அவசரமில்லாத, யாருக்கும் வழிவிடாத நடை. அடுத்து ட்ரம்ஸ், ஈரப்பசையே இல்லாத அடி. அதன் பிறகுதான் இன்னொரு கிட்டார், தகரத்தில் ஆணியால் கோடு இழுப்பதுபோல. குண்டசாலைச் சந்தியில் ஆட்டோக்கள் வரிசைகட்டி நிற்கும் திரீவீல் பார்க்கில் அவளுடைய நாள் இப்படித்தான் தொடங்கும்.

கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றவள் அவள். ‘நின்றவள்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைசெய்யும் பெண்கள் உட்கார்ந்துவிடக் கூடாதென்று இருந்த ஒரே கதிரையையும் முதலாளி மேல்மாடிக்கு எடுத்துப்போய்விட்ட கடை அது. “உக்காந்து வேல செய்யணும்னுதான் டிரைவரா ஆனேன்” என்பாள், சிரிக்காமல்.

இந்த ஆல்பம் அவளுக்குக் கிடைத்தது கடுகண்ணாவைக்குப் போன ஒரு ஹயரில், ஒரு வாடகை ஓட்டத்தில். பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண் தன் போனை வண்டியின் செட்டோடு இணைத்துப் பாட்டுப் போட்டாள். கணவாயின் வளைவுகளில் ஏறும்போதே கஜலட்சுமிக்குக் கழுத்து மயிர் சிலிர்த்தது. இறங்கும் இடத்தில் வழிமறித்துக் கேட்டு, முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். குழுவின் பெயர் ‘டின் க்ளார்க்ஸ்’. ஆலைகள் மூடப்பட்ட ஆங்கிலேய நகரங்களில் நாற்பது வருடங்களுக்கு முன் பிறந்த போஸ்ட் பங்க் இசையை, அன்று அதை வாசித்தவர்களின் பிள்ளைகள் இப்போது திரும்பவும் கையில் எடுத்திருக்கிறார்கள். வாடகை ஏறுகிறது, வேலை இல்லை, கோபம் மட்டும் பழையபடியே இருக்கிறது என்று பாடுகிறார்கள்.

பாடுகிறார்கள் என்பதுகூட அதிகம். பாடகன் ஒப்புவிக்கிறான், எரிச்சலோடு. அவளுக்குப் பிடித்ததே அதுதான். “இவன் அழ மாட்டான், கெஞ்ச மாட்டான். நிமிந்து நின்னு சொல்றான்.” சொற்களைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது பாட்டில் ஒரு பெரிய கடையின் காசாளர்ப் பெண் வருகிறாள். சிரிப்பதும் வேலையில் சேர்த்தி என்று அவளுக்கு மேலதிகாரி சொல்கிறான். “அங்கயுமா இந்தக் கொடும!” என்று கஜலட்சுமி வாய்விட்டுக் கத்தியதில் பின்னால் இருந்த பயணி பயந்துபோனார்.

எந்தப் பாட்டையும் தாண்ட விடமாட்டாள். ஏழாவது அவளுக்கே பிடிக்காது. “பியானோவெல்லாம் வச்சு இழுக்கிறான், சவசவன்னு. ஆனா அத முழுசா கேட்டாத்தான் எட்டாவது வந்து அறையிறது தெரியும்.” மாற்றச் சொல்லும் பயணிகளுக்கு அவளிடம் ஒரே பதில்: “சத்தத்த கொறைக்கிறேன் சேர். பாட்ட மாத்த மாட்டேன்.”

பார்க்கில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஹயருக்கு முன் ஒவ்வொரு வண்டியிலும் ஏதாவதொரு தெய்வத்தின் சத்தம் கேட்க வேண்டும். தலைவர் கறுப்பையா முருகனைப் போடுவார். பஹீம் குர்ஆன் கிராஅத் போடுவான். சிங்களச் சாரதிகள் புத்த பிக்குகள் ஓதும் பிரித் போடுவார்கள். எல்லா மதத்துக்கும் அங்கே இடமிருந்தது. மதமில்லாத காலை ஒன்றுக்குத்தான் இடமில்லை. இருந்தும் அவளைப் பொறுத்துக்கொண்டார்கள், தென்னக்கும்புர வளைவில் மழையில் பஹீமின் வண்டி சறுக்கி மதிலில் மோதும்வரை.

அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. கராஜில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது பிரேக் ஷூ தேய்ந்து மழமழவென்றிருந்தது. ஆனால் பார்க் கூட்டத்தில் குற்றவாளியாக நின்றது கஜலட்சுமியின் பாட்டு.

“விடியக்காலைல பேய்ப் பாட்டு. நம்ம பார்க்குக்கு ஆகல கஜா” என்றார் கறுப்பையா.

“அண்ணே, பிரேக்குக்குக் காது இருக்கா?”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவள் பஹீமைப் பார்த்தாள். “நீயே சொல்லு. பிரேக் கத்துது, மாத்துடான்னு நான் சொன்னேனா இல்லியா?”

பஹீம் தரையைப் பார்த்தான். “என்னைய விட்டுருங்க அக்கா. நான் இந்த வம்புக்கு வரல்ல.”

“சும்மா ஒரே ஒரு பாட்டு போட்டுட்டா முடிஞ்சிச்சு” என்று கறுப்பையா இறங்கிவந்தார். “பொறவு ஒன் இஷ்டத்துக்குத் தகரத்தத் தட்டிக்க.”

“சாமி கும்புடுறவங்கள நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நான் நம்பாதத நான் போட்டா அது பொய். என் வண்டில பொய் ஓடாது.”

தீர்ப்பு உடனே வந்தது: பணியும்வரை காலையில் அவள் வண்டி வரிசையின் கடைசி. பள்ளிக்கூட, அலுவலக ஹயர்கள் எல்லாம் முன்வரிசைக்காரருக்குப் போய்விடும் என்பதும், அவளுடைய வருமானமே அந்தக் காலை ஹயர்கள்தான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பக்தி என்று பேர் வைத்துப் பிழைப்பில் கைவைக்கிற இந்தத் தந்திரம் குண்டசாலையில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

மறுநாள் எல்லாருக்கும் முன்பே வந்து, பார்க் இருக்கும் ஏற்றத்தின் உச்சியில் முதல் இடத்தில் நிறுத்தினாள். முதலில் வந்தவருக்கு முதல் ஹயர் என்பதும் பார்க்கின் சட்டம்தான். பேஸ் கிட்டார் நடக்கத் தொடங்கியது.

“பின்னுக்கு எடு” என்றார் கறுப்பையா.

“எடுக்க மாட்டேன்.”

வரிசையில் வண்டிகளைக் கையால் தள்ளி நகர்த்துவது அங்கே வழமை. “பஹீம், தள்ளுடா” என்று அவர் முன் கம்பியில் கையை வைத்தார். பஹீமும் வந்து வைத்தான். வைத்த கை தள்ளவில்லை. கறுப்பையா தனியாகத் தள்ள, வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்; வண்டி நிற்க அதுவே போதும். இருந்தும் அவள் இறங்கினாள். வடிகான் ஓரத்தில் கிடந்த கருங்கல்லை இரு கையாலும் தூக்கிவந்து, பின்சக்கரத்துக்கு அடியில் போட்டு, செருப்புக் காலால் ஓங்கி மிதித்து இறுக்கினாள்.