மொட்டைத் தலைகளுக்கு நடுவே ரஞ்சிதம்

திருத்தணி மலையடிவாரத்துச் சத்திரத்தில் காவிச் சேலையும் மொட்டைத் தலையுமாக இருந்த சாமியாரம்மாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சினிமாவில் ஆடினவள் என்பான் ஒருவன், புருஷனை விஷம் வைத்துக் கொன்றவள் என்பான் இன்னொருவன். எல்லாம் டீக்கடைச் சரக்கு. பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காத கை எழுதுகிறது என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்ல நாலெழுத்து போதும். படித்தவர்கள் ஒருவரும் இதை எழுதக் காணோம்.

அவள் பெயர் ரஞ்சிதம். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். இருபது வயதுக்கு மேல், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய ஜமீன் அரண்மனைக்கு, ராணிக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தாள். ஜமீன்களைச் சர்க்கார் ஒழித்திருந்த சமயம் அது. ஒழிந்ததெல்லாம் வெளியேதான். மதிலுக்குள் ஒன்றும் ஒழியவில்லை.

அங்கே தெலுங்குப் பத்யம் பாடக் கற்றாள், சொந்தமாகச் செய்யுள் கட்டவும் கற்றாள். ராணி கண்ணை மூடியதும் ஜமீன்தார் அவளைத் தன் மாடிக்கு வரவழைத்துக்கொண்டார். இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கெண்டைக்காலைத் தொடும் கூந்தல் அவளுக்கு. அதைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவதற்கென்றே ஒருத்தி. குதிரையைக் காட்டுவதுபோல அந்தக் கூந்தலை விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள்.

அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ஜமீன் வீட்டுத் துரைமார் எதிரே வந்தால் பெண்கள் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்தே விலக வேண்டும். மணியம்மை என்ற சமையல்காரி ஒருநாள் அவசரத்தில் முதுகைக் காட்டிவிட்டாள். கிணற்றடி அறையில் போட்டுப் பூட்டினார்கள். அப்புறம் மணியம்மையை யாரும் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கவும் ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் ஜமீன்தார் செத்தார். அவர் தம்பி கஜபதி மீசையை நீவிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணன் வெச்சிட்டுப் போனதெல்லாம் இனிமே என்னுது. நீயும் அதுல சேர்த்திதான். கருமாதி முடிஞ்சதும் என் மாடிக்கு வந்துடு."

கருமாதியன்று மத்தியானம், எச்சில் இலை வாரிக்கொண்டு போன பெண்களோடு தானும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு ரஞ்சிதம் வெளியே வந்தாள். கூடையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். தாய்வீட்டுக்குப் போக முடியாது, அவளைத் தேடி அரண்மனைக் கார் முதலில் அங்கேதான் போகும். திருத்தணியில் எல்லோரும் இறங்கினார்கள், அவளும் இறங்கினாள்.

சரவணப்பொய்கைக் கரையில் முடி இறக்கும் கொட்டகை. வேணு என்ற நாவிதன் அவள் கூந்தலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"இன்னாம்மா இது? பூமுடி குடுத்தா போதுமே. ஒரு கொத்து கத்தரிச்சாலும் முருகன் வாங்கிக்குவாரு."

"மொத்தமும் எடுத்துடுங்க. சீக்கிரம், வந்துடுவாங்க."

"யாரு வராங்க?" வேணு எட்டிப் பார்த்தான். "ஒருத்தரையும் காணோமே!"

அவள் தலையைக் குனிந்து காட்டினாள். வேணு கத்தியைத் திரும்ப எடுத்தான். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரெல்லாம் மொட்டை. அதில் ஒரு மொட்டையை யார் கண்டுபிடிப்பார்கள்? அந்தக் கணக்கில்தான் அவள் அங்கே தங்கினாள். சத்திரத்துச் சமையற்காரி கன்னியம்மாள் மூலையில் இடம் கொடுத்தாள். ஆனால் வருகிறவர்கள் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார்கள், இவள் தலையில் மட்டும் முடி முளைக்கும். உள்ளங்கையில் சொரசொரப்புத் தட்டினாலே போதும். ஓடிப்போய் வேணு முன்னால் உட்காருவாள்.

"முருகனுக்கே சலிச்சிடப் போவுதுடி! மாசம் தவறாம மயிரைக் குடுத்துகினே கீறியே" என்பாள் கன்னியம்மாள்.

ரஞ்சிதம் சிரிப்பாள். வாசலில் கார் சத்தம் கேட்டால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அவளை இழுத்து வரவேண்டும்.

மறு வருஷம் ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் மண் தெரியவில்லை. கொட்டகைக்கு நீர்மோர் கொண்டுபோனாள் ரஞ்சிதம். வேணுவின் கைக்குக் கீழே பெரிய உடம்புக்காரர் ஒருவர், பாதித் தலை மொட்டை, பாதித் தலை முடி. நிமிர்ந்து பார்த்தார். கஜபதி.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண் அவள் மேல் பட்டு, தாண்டிப் போயிற்று. சும்மா நின்றிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை. மோர்ப்பானை கீழே இறங்கியது, முந்தானை வாயருகே போயிற்று, கால்கள் தாமாகப் பின்னுக்கு நடந்தன. அத்தனை கூட்டமும் முன்னால் முண்டுகிறது, ஒருத்தி மட்டும் பின்னால் போகிறாள். கஜபதியின் கண் திரும்பி வந்தது.

"ஏமே... ரஞ்சிதமா?" எழப் போனார்.

வேணு தலையை அழுத்திப் பிடித்தான். "குந்துங்க துரை. பாதி மொட்டையோட எழுந்தா வேண்டுதல் பலிக்காது. கத்தி வேற கீது."

நோயில் கிடந்த மகனுக்கான வேண்டுதல். அவரும் பயந்துதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "டிரைவர்! புடிடா அவளை!" என்று கத்தினார். அரோகரா சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

வேணு அன்றைக்குச் சிரைத்த மாதிரி நிதானமாக ஆயுசில் யாருக்கும் சிரைத்ததில்லை. கண்ணால் ஜாடை காட்டினான்: ஓடு. அவளால் முடியவில்லை. ஓடவேண்டுமானால் திரும்பவேண்டும், திரும்பினால் முதுகு தெரியும். கிணற்றடி அறையின் பூட்டுதான் கண்முன் நின்றது. தூணில் முட்டிக்கொண்டு நின்றாள்.

மீசையும் போயிற்று. கஜபதி துணியை உதறிவிட்டு எழுந்து வந்தார்.

"ஒத்து நைனா, ஒத்து! காவடி வருது" என்று ஒருவன் இடித்துத் தள்ளினான். துரை தள்ளாடினார். வழிவிட ஆளில்லை. எதிரே அவருடைய டிரைவரே ஓடி வந்தான், "துரை! துரை!" என்று கூவிக்கொண்டு.

"ஒரேய், நான்தான்டா!"

டிரைவர் அந்த வழுவழு முகத்தை ஒருமுறை பார்த்தான். "அட போய்யா, எங்க துரையைத் தேடிகினு கீறேன்" என்று அடுத்த மொட்டையைப் பார்க்க ஓடினான்.

ரஞ்சிதம் அதைப் பார்த்தாள். பயம் போய்விடவில்லை. ஆனாலும் திரும்பினாள். முதுகு முழுக்க அவருக்குத் தெரிய, மலைப்படியை நோக்கி நடந்தாள். பிடரி ஜில்லென்றது. இதோ கை விழும், இதோ விழும் என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். கை விழவில்லை. சுற்றிலும் சந்தனம் பூசிய மொட்டைகள்.

கஜபதி அப்புறம் வரவில்லை. ஏன் என்று கேட்டுச் சொல்ல அரண்மனைக்குப் போய்வந்தவர் யாரும் இல்லை. ரஞ்சிதம் எண்பத்தொன்றாம் வருஷம், அதே சத்திரத்து மூலையில் காலமானாள். கடைசிவரை மாதாமாதம் மொட்டை போட்டாள். வாசலில் கார் வந்து நின்றால், மொட்டைகளுக்குப் பூச அவள் அரைக்கும் சந்தனக் கட்டை ஒரு நொடி நிற்கும். ஒளியமாட்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரைத்துக்கொண்டே இருப்பாள்.