லயமும் லாயமும்

நான் வாழும் ஸ்கொட்லாந்துச் சிறு நகரத்தில் பஸ்ஸில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த மனிதரை நான் ஒருத்தி மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வரை பச்சை குத்தியிருந்தார். தாடி நெஞ்சைத் தொட்டது. மடியில் ஒரு மர வளையம், ஹூப் என்கிறார்கள். அதில் இறுக்கிய துணியில் சிவப்புக் காளான் ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்ப் பதுளை பஸ்ஸில் ஓர் ஆம்பிளை இப்படி உட்கார்ந்திருந்தால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்திருப்பார். நான் பார்ப்பதைக் கண்டு அவர் ஏதோ கேட்டார். இந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். 'ஸ்டிட்ச்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அன்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கரட் சீவும்போது விரலை வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்குத் தையல் போட்டார்களா என்று கேட்கிறார் என நினைத்து, "நோ, ஒன்லி பிளாஸ்டர்" என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இறங்கும்போது என் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தார்: நூலகம், சனிக்கிழமை, பத்து மணி.

நாற்பத்திரண்டு வயதில் நான் ஊசி பிடித்தது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தையல் பாடம் இருந்தது உண்மை. தலையணை உறையில் இரண்டு கிளி. கிளியின் மூக்கு கொஞ்சம் கோணினாலும் டீச்சர் முழுவதையும் பிரித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார். இங்கே நூலக வகுப்பில் மார்கரெட் என்ற எங்கள் ஆசிரியை, கோணினால் கோணட்டும் என்றார். அச்சுப் படம் கிடையாது. உங்களுக்குத் தோன்றுவதைப் பென்சிலால் வரைந்து அதன்மேல் தையுங்கள், அதுதான் மொடர்ன் எம்ப்ராய்டரி என்றார். ஆறு இழை நூலில் இரண்டிரண்டாகப் பிரிக்கவே எனக்கு ஒரு காலை போய்விட்டது. இழுத்து இழுத்துத் தைத்ததில் துணி பொரித்த அப்பளம் மாதிரி சுருங்கியது. இரண்டாவது சனிக்கிழமை எழுந்து நின்றபோது ஹூப்பும் என்னோடு எழுந்தது. பாவாடையையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். காளான் மனிதர்தான் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

மூன்றாவது வாரம் மார்கரெட் ஒரு தலைப்புத் தந்தார்: வீடு. முடிந்ததும் நூலகச் சுவரில் மாட்டப் போவதாகவும் சொன்னார். மற்றவர்கள் புகைபோக்கியும் ரோஜாச் செடியுமாக வரையத் தொடங்கினார்கள். என் பென்சில் நீளமாக ஒரு கோடு போட்டது. அதுதான் கூரை. அதன் கீழே வரிசையாகக் கதவுகள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பிறந்த லயம், தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடு.

கதவுகள் எத்தனை என்பது சரியாக நினைவில்லை. ஞாயிறு காலை அக்காவுக்கு போன் எடுத்தேன். அக்கா இன்னும் அதே காம்பராவில், எங்கள் ஒற்றையறையில்தான் இருக்கிறாள், அதே மலையில் கொழுந்து பறிக்கிறாள். "பன்னெண்டு கதவுடி. மறந்துட்டியா?" என்றாள். "நம்மளது மட்டும் நீலம். கோயிலுக்கு அடிச்ச பெயின்ட்டு மிச்சத்த அம்மா கேட்டு வாங்கியாந்து அடிச்சாங்கல்ல?" எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னேன். அவள் உடனே கேட்டாள்: "இதப் போயி யாரு செவுத்துல மாட்டுவாங்க? நாங்க இதுலருந்து எப்படா வெளிய போவோம்னு கெடக்குறோம். மழ பேஞ்சா மேலருந்து மண்ணு வருமோன்னு பயந்துகிட்டுப் படுக்குறோம். நீ அதப் பூப்போட்டுத் தைக்கிற." அவள் கோபப்படவில்லை. அலுப்போடு சொன்னாள். அதன் பிறகு நான் பூ எதுவும் போடவில்லை. தகரக் கூரை காற்றில் பறக்காமலிருக்க மேலே ஏற்றிவைக்கும் கற்களைத் தைத்தேன். துருவுக்கு மண்ணிற நூல். பின்னால் மலைக்கு, ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தும் பிரெஞ்சு முடிச்சு. ஒரு முடிச்சு ஒரு தேயிலைச் செடி. பச்சையில் மூன்று வகை. வேலை முடிந்து வந்து, தேநீரை ஆறவிட்டுவிட்டு, முடிச்சு முடிச்சாகப் போட்டேன்.

கடைசி வகுப்பில் பக்கத்து நாற்காலிப் பெண்மணி எட்டிப் பார்த்து, "லவ்லி ஸ்டேபிள்ஸ்" என்றார். அழகான குதிரை லாயமாம். நான் சிரித்துக்கொண்டே "யெஸ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எனக்கு அது பழக்கம். பதுளையில் விடுதியில் தங்கி உயர்தர வகுப்புப் படித்த நாட்களில், வீடு எங்கே என்று கேட்டால் 'பசறைப் பக்கம்' என்று பொதுவாகச் சொல்வேன். 'தோட்டத்துப் புள்ள' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பிறகு கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தபோது, இங்கிருந்து விடுமுறைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நாலு தடவை வந்து ஒரே நிறச் சட்டை வாங்கினார். அவர்தான் என் கணவர். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவருடைய அக்காவுக்கு, பதுளை டவுனில் வீடு, அப்பாவுக்குக் கடை என்று சொல்லிவைத்தோம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். பதினாறு வருடமாகிவிட்டது. அந்த அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன், அவரும் இதே நகரத்தில் இருக்கிறார். அவரோடு பேசிப் பேசி என் நாக்கு அவருடைய யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறிக்கொண்டது. அப்பாவின் சாவுக்கு நான் போனபோதுகூட, கடையை யார் பார்ப்பார்கள் என்று அவர் அக்கறையோடு கேட்டார். அதற்கும் ஒரு பதில் சொன்னேன்.

நூலகத்தில் கண்காட்சி தொடங்கிய அன்று மச்சாளும் வந்திருந்தார், கையில் வீட்டில் சுட்ட கேக்கோடு. என் ஹூப்பின் கீழே அட்டையில் என் பெயரும் அதற்கடியில் 'ஸ்டேபிள்ஸ்' என்றும் அச்சடித்திருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்மணி உதவி செய்திருக்கிறார்.

"குதிரை லாயமோ? வடிவாக் கிடக்கு. எங்க பாத்தனீர்?" என்று மச்சாள் கேட்டார்.

தலையாட்டியிருந்தால் போதும். அட்டையே எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நீலக் கதவைப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் அக்கா இருக்கிறாள் என்பதுதான் மனதில் வந்தது. குதிரை என்று எப்படிச் சொல்வது?

"லாயம் இல்லைங்க மச்சாள். லயம். நான் பொறந்த வீடு. எங்கப்பா கடை வச்சிருக்கல, தோட்டத்துல தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனாரு." வாயிலிருந்து வந்தது என் பழைய தமிழ்.

மச்சாள் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் ஒளிச்சனீங்கள்." கேக்கை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். நான் மார்கரெட்டிடம் பேனா வாங்கி அட்டையில் 'ஸ்டேபிள்ஸ்' என்றிருந்ததை வெட்டி, 'வீடு' என்று தமிழில் எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மூன்று வாரம் மச்சாள் வரவில்லை, போனும் இல்லை. அவர் கோபம் லயத்தின் மேலா பொய்யின் மேலா என்று நான் தடுமாறினேன். இன்றும் சரியாகத் தெரியாது. "வருவா, விடு" என்று கணவர் சொன்னார். ஆனால் அவரும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. மச்சாள் உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "உம்மட அப்பான்ர சாவுக்குக் கடையைப் பற்றிக் கேட்டனே. இப்ப அதை நினைக்க எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சனீரோ?" என்றார். "யோசிக்கல, மச்சாள். மன்னிச்சுக்குங்க" என்றேன்.  அந்த நேரம் பார்த்து அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. நான் நிறுத்தப் போனேன். மச்சாள் கையைப் பிடித்து, "எடும்" என்றார்.

போனைத் தூரமாகப் பிடித்து இருவரையும் அறிமுகம் செய்தேன். "சுகமா இருக்கிறியளோ?" என்றார் மச்சாள். "என்னடி கேக்குறாங்க?" என்றாள் அக்கா. சுகம் விசாரிக்கிறார் என்றேன். "இன்னைக்குப் பெரட்டு இல்லீங்க, லீவு" என்று அக்கா சொல்ல, "பெரட்டோ? அதென்ன?" என்று மச்சாள் என் தோளில் தட்டினார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் என்றேன். தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்தபடி நான் நடுவில் இருந்தேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் ஏதோ கேட்டார்கள். நான் பதறி, அக்காவைப் பார்த்து மச்சாளின் "ஓம்" என்றேன், மச்சாளைப் பார்த்து அக்காவின் "ஆமாங்க" என்றேன். இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. யாருக்கு எந்தப் பதில் என்று திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். எதைத் திருத்துவது என்று தெரியாமல் போனைப் பிடித்தபடி நின்றேன்.