தொட்டியை உடைக்கப் போனவர்

வாஷர் என்றால் அந்தத் திருச்சபையில் எல்லோருக்கும் தெரியும். தொழில் பிளம்பர். சட்டைப் பையில் எப்போதும் நாலு ரப்பர் வாஷர் கிடக்கும். ஒருமுறை காணிக்கை போடும்போது அதில் ஒன்றும் சேர்ந்து காணிக்கைப் பைக்குள் விழுந்துவிட, பெயர் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் மனம் தளர்ந்துபோனார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்கு ஓர் அண்ணன், டயர் கடைக்காரர். ஞாயிறு மத்தியானம் மகனையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டில் சாப்பிட ஆஜராகிவிடுவார். சாப்பாட்டுக்கு முன்னால் வாஷர் கண்ணை மூடி, மச்சான் பெயரைச் சொல்லி, அவர் மனம் திரும்ப வேண்டும் என்று ஜெபிப்பார். கண்ணைத் திறப்பதற்குள் மச்சான் பாதித் தட்டைக் காலி செய்திருப்பார்.

"என்ன மாப்ள, உன் ஆண்டவருக்கு இன்னும் லைன் கிடைக்கலியா?"

அப்பா சிரித்தால் மகன் உருண்டு சிரிப்பான். வாஷருக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. மச்சான், மாப்பிள்ளை இருவருக்கும் தலையும் நரைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு வாஷருக்கு வெறுத்துப்போனது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம் என்று தோன்றியது. கண்ணை மூடவில்லை, மச்சான் பெயரைச் சொல்லவில்லை, தட்டை இழுத்துக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே. சர்ச்சுக்குப் போனார், பாட்டுக்கு வாயசைத்தார், மனசு மட்டும் கூட வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சபைக் கமிட்டி, ஞானஸ்நானத் தொட்டியை எடுத்துவிடத் தீர்மானித்தது. மேடைக்குப் பின்னால் ஆள் முழுகும் ஆழத்துக்குக் கட்டிய தொட்டி அது. வருஷக்கணக்காக யாரும் இறங்கவில்லை. உள்ளே மடக்கு நாற்காலிகள் குடியிருந்தன. உடைக்கும் வேலை வாஷருக்கு வந்தது. மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவருக்கும் அது சரியென்றுதான் பட்டது.

சனிக்கிழமை காலை நாற்காலிகளை வெளியே எடுத்தார். உள்ளே இறங்கி, அடியில் தண்ணீரை வடிக்கும் வால்வைக் கழற்றினார். துருப்பிடித்த வால்வு கையோடு உடைந்து வந்தது. பிறகு சம்மட்டியை ஓங்கினார்.

"மாப்ள, கையை இறக்கு."

நிமிர்ந்தால் மச்சான் நிற்கிறார். சர்ச்சுக்குள்! நகமெல்லாம் டயர் கறுப்பு, பக்கத்தில் போதகர்.

"இந்தத் தொட்டிய நாளைக்கு ஒரு நாள் எனக்குக் குடு. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

"எதுக்கு மச்சான்?"

"டியூபை முக்கி பஞ்சர் பாக்கவா கேப்பேன்? நான்தான் முழுகணும்." மச்சான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பைக் காணோம். "என் பேரைச் சொல்றதை நீ நிறுத்தின பாரு, அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. எனக்காகக் கேட்டுட்டிருந்த ஒரே ஆளு, அவனும் கைவிட்டுட்டானேன்னு பயந்துட்டேன். சரி, நானே கேட்டுப் பாப்போம்னு கண்ணை மூடினேன். அதுல இருந்து சாயங்காலமானா இவர்கிட்டதான் வந்து உக்காந்திருக்கேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"ஞானஸ்நானத்துக்கு நேத்துதான் சரின்னு சொன்னார்," என்றார் போதகர்.

வாஷருக்குத் தலைகால் புரியவில்லை. அழுதார், சிரித்தார், மச்சானைக் கட்டிக்கொண்டார். அடுத்த நொடி உடைந்த வால்வைப் பார்த்து "ஐயையோ" என்றார். கடை கடையாக ஏறி இறங்கியும் அந்த அளவில் வால்வு கிடைக்கவில்லை. மச்சான் தன் கடைக்கு ஓடி டியூப் ரப்பரோடு வந்தார். இருவரும் வெட்டினார்கள், ஒட்டினார்கள், பிளம்பர் நீயா நானா என்று சண்டை போட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்காமல் நின்றது.

மறுநாள் சர்ச்சில் உட்கார இடமில்லை. கடைசி வரிசையில் மச்சான் மகன்கூட வந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். மச்சான் வெள்ளை உடையில் தொட்டிக்குள் இறங்கினார். பாட்டு தொடங்கியதும் வாஷர் கண்ணில் அது பட்டது: தண்ணீர் சுழிக்கிறது. ஒட்டு விட்டுவிட்டது. இடுப்பளவு தண்ணீர் தொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மனிதர் யோசிக்கவேயில்லை. இஸ்திரி போட்ட பேன்ட்டோடு உள்ளே குதித்து, குதிகாலை ஓட்டையில் வைத்து அழுத்தினார். மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று போதகர் அவர் காதருகே கேட்டார்.

"நான் நிக்கிற வரைக்கும் தாங்கும், ஐயா. நீங்க நிதானமா பண்ணுங்க."

மச்சான் முழுகி எழுந்தார். முகத்தை வழித்துவிட்டு, வாஷரின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"மாப்ள, என் வேலை முடிஞ்சுது. இனி என் பையனுக்கு ஆரம்பி. அவன் என்னைவிட மோசம்."

வாஷர் குதிகாலை எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணை மூடினார்.