காற்றுக்குழாய்க்கு வெளியே தொங்கிய சுருள்

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே வித்துராவில் மளிகைக்கடை வைத்திருக்கும் என்னிடம் பட்டாளம் ஏலம் விட்ட பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. மழையில் முன்கண்ணாடி மங்காமல் காற்று ஊதும் விசிறி அதில் உண்டு. விசிறியின் வேகத்தைக் குறைக்கும் கம்பிச்சுருள் அறுந்துபோனது. வேறொன்று வாங்கி, அது இருக்கவேண்டிய காற்றுக்குழாயைக் கழற்றச் சோம்பல்பட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டேன்.

அந்த வாரமே கொட்டும் மழையில், காய்ச்சலில் நினைவிழந்த மகளைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில், முன்சீட்டில் மகளை மடியில் கிடத்தியிருந்த மனைவி அலறினாள்: "நிறுத்துங்க! பிள்ளைக்க போர்வை எரியுது!"

சுருள் பழுக்கச் சிவந்திருந்தது. அவள் போர்வையை மழையில் வீசினாள். வயரைப் பிடுங்கியதில் என் உள்ளங்கை வெந்தது. விசிறி நின்று கண்ணாடி மங்கியதும், தலையை வெளியே நீட்டியபடி ஓட்டினேன். "கண்ணத் தொற மக்ளே" என்று வழியெல்லாம் அவள் கெஞ்சினாள்.

மகள் பிழைத்தாள். அந்தச் சுருளைக் குளிர வைப்பதே விசிறிக் காற்றுதான் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இப்போது குழாய்க்குள்ளேயே பொருத்தியிருக்கிறேன். ஆனாலும் வண்டி கிளம்பியதும் மனைவி டாஷ்போர்டுக்கு அடியில் கை வைத்துப் பார்க்கிறாள்.