திரையில் விழாத பேர்

அந்தத் தொலைக்காட்சி புவனா அக்காவிடம் திருடியது. அவர் இறந்த செய்தி எனக்கு வந்ததும் அதே தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்திலிருந்துதான். இரண்டு நாடக விளம்பரங்களுக்கு நடுவே அவர் படம், ஒரு விளக்கு, "எங்கள் அன்பு நேயர் புவனா" என்று ஒரு வரி. நேயராம். காலையில் நெஞ்சு வலித்ததாகவும், நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் வழியில் வேனிலேயே போய்விட்டதாகவும் பிறகு அவர் தம்பி சொன்னார்.

தலவாக்கலையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போனுக்கு ரீலோட் போட்டுக்கொடுத்த லிந்துலை புவனேஸ்வரியை உங்களுக்குத் தெரியும். அந்தத் தொலைக்காட்சியின் மாலை நாடகம் முடிந்ததும் முகநூல் நேரலையில் வருவார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டைப் போலவே நம்மைக் கூப்பிடுவார். "கொட்டகலை மேக்கணக்கு டிவிஷன் ஆளுங்க வந்தாச்சா? லேட்டா வந்தா அரைப்பேர்தான் போடுவேன்." அரைநாள் சம்பளத்துக்கு நாம் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டு, வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள்கூடச் சிரித்துப் பதில் போடுவார்கள். நானும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். நாடகங்கள் நம்மை எப்படி மழுங்கடிக்கின்றன என்று பந்தி பந்தியாக எழுதினேன். என் சித்தப்பா மட்டும் விருப்பம் போட்டார்.

ஒருநாள் மழையில் லிந்துலைப் பக்கம் கரண்ட் போய்விட்டது. நாடகத்தில் அன்றுதான் கல்யாணம். புவனா அக்கா இருட்டிலேயே போனைத் திறந்து, கரண்ட் இருக்கும் ஹட்டன்காரர்கள் கதையைச் சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் எழுத எழுத, மாமியார் குரலிலும் மருமகள் குரலிலும் இவர் பேசினார். கல்யாணம் நின்றுவிட்டதாக ஒரு குறும்பன் பொய் எழுத, அதற்கும் அழுது காட்டினார். நிஜ நாடகத்தைவிட அது நன்றாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் கடைக்குப் போய், இதெல்லாம் முதலாளிகளுக்கு இலவச விளம்பரம் என்று சண்டை பிடித்தேன். கார்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு நாளா அவன் பேசுனான், நாம கேட்டோம். இப்ப நாங்க பேசுறோம். உங்களுக்கு ஏன் தம்பி எரியுது?"

முன்பெல்லாம் புது நாடகம் வந்தால் ஹட்டன் பஸ் நிலையத்தில் போஸ்டர் ஒட்டுவார்கள், லொறியில் பாட்டுப் போட்டுக் குடை கொடுப்பார்கள். இப்போது அந்தக் கூலியும் அவர்களுக்கு மிச்சம். நம் முகநூல் சுவரில் நாமே ஒட்டிக்கொள்கிறோம். புவனா அக்காவின் பெரட்டில் கூட்டம் சேர்வதைப் பார்த்த அந்தக் கொழும்புத் தொலைக்காட்சிக்காரர்கள், நாடகத்துக்குப் பிறகு "மாலைப் பெரட்டு" என்று அதே பேரில் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். ஊர் ஊராகக் கூப்பிடுவது, பிந்தியவர்களுக்கு அரைப்பேர், எல்லாம் அப்படியே. முதல் விளம்பரத்தில் யாரோ ஒரு படித்த ஆள் பெரட்டு என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து, "மாலைப் புரட்டு" என்று திருத்திவிட்டார். நான் கொதித்துப்போய்ப் புவனா அக்காவிடம் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாத்தான் போட்டிருக்காங்க, தம்பி."

ஆனால் சிரிப்போடு விடவில்லை. நிகழ்ச்சியின் முடிவில் தன் பேரையும் ஊரையும் போடும்படி அவர்களுக்கு எழுதினார். அதைக் காட்டி ஏதாவது ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை கேட்கலாம், ரீலோட் கடையில் கிடந்து சாக வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. அவர்கள் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினார்கள். திரும்ப எழுதினார். திரும்பவும் இதயம். "அரைப்பேர்கூட போட மாட்டேங்கிறாங்களே" என்றார். அன்று சிரிக்கவில்லை.

அவர் மரணத்துக்கு விழுந்த கண்ணீரில் நூறில் ஒரு பங்குகூட என் எழுத்துக்கு விழுந்ததில்லை. இதை எழுதும்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். நம் சனம் யாருடைய குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதை எனக்குக் காட்டியது அந்தப் பொறாமை. அதை நான் விடப்போவதில்லை.

அந்த அஞ்சலிப் பதிவுக்குக் கீழே அழுதவர்கள் எல்லோருக்கும் தொலைக்காட்சி இதயம் போட்டிருக்கிறது. நான் எழுதியதை மட்டும் தாண்டிப் போகிறது. நேற்றும் நிகழ்ச்சி நடந்தது, பேர் இல்லை. இன்று மறுபடி எழுதியிருக்கிறேன்: இந்தப் பெரட்டு லிந்துலை புவனேஸ்வரியுடையது என்று திரையில் போடுங்கள்.